மிச்சம் சைபர்

கொஞ்சம் நகந்து உக்காருங்க. கரூர்லயே ஏறினேன், நின்னுக்கிட்டே வந்ததுல காலு கடுக்குது. நீங்க தாராபுரமா? சரி. நான் மூலனூர். மச்சான் ஊடு அங்கதான், அதாவது என்ற ஊட்டுக்காரியோட தம்பி. ஊட்டுக்காரியும் புள்ளையும் இப்ப அங்கதான் இருக்கறாங்க. கூட்டிக்கிட்டு வரப் போறேன். கூட்டிக்கிட்டு வரலீன்னா எனக்கு மாசம் எட்டாயிரம் நட்டமுங்க.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். கணக்குப் போட்டு சட்டை ஜோப்புலயே வெச்சிருக்கறேன், காட்டட்டுங்களா? வேண்டாமா? சரி, வாயிலயே சொல்றேன்.

என்ற பேரு தண்டபாணி. கரூர்ல நெட் தண்டபாணின்னு கேட்டா சொல்லுவாங்க. கொசுவலைங்க. பதினோரு வருசம் கொசுவலை தெச்சு அனுப்பினேன். நாப்பது பேரு என்ற கிட்ட வேல செஞ்சாங்க. ஒரு வடக்கத்திப் பார்ட்டி பெருசா ஆர்டர் குடுத்தான், கடன் வாங்கிச் செஞ்சு அனுப்பினேன், சரக்குப் போச்சு, பணம் வரல. அவ்வளவுதான். அது எல்லாத்துக்கும் நடக்கறதுதான், அதப் பத்தி எனக்கு வருத்தமில்ல. முப்பத்தெட்டு லட்சம் கடன், பதினேழு பேருக்கு. இருந்த ஊட்ட பேங்குக்காரன் எடுத்துக்கிட்டான். வாடகை ஊட்டுக்கு வந்துட்டோம். நான் இன்னொருத்தன் கம்பெனில சூப்பர்வைசர் வேலைக்குப் போனேன், பதினாலாயிரம் சம்பளம். நான் வேலை கத்துக் குடுத்தவன்தான் இப்ப அங்க மேனேஜர். என்னைய "ஏனுங்க"ன்னு கூப்புடறான், பேரச் சொல்ல வாய் வரல அவனுக்கு. அந்த அளவுக்கு மரியாத இருக்குது, பாருங்க.

சரின்னு ஐ.பி. போட்டுறலாம்னு முடிவு பண்ணினேன். ஐ.பி. தெரியுமுல்ல? என்னால கட்ட வழியில்லீங்க, விட்டுருங்கன்னு கோர்ட்டுல எழுதிக் குடுக்கறது. கடங்காரங்களுக்கு எல்லாம் நோட்டீஸ் போயிரும், அப்பறம் எவனும் வாசல்ல வந்து கத்த முடியாது. எங்க பக்கத்துல அதொண்ணும் பெரிய அசிங்கமில்லீங்க. நல்ல நல்ல ஆளுங்கெல்லாம் போட்டிருக்காங்க. போட்டுட்டுக் காருல போறாங்க.

வக்கீலு நாச்சிமுத்துன்னு ஒருத்தரு. நல்ல மனுசன், ஆனா வாயி கொஞ்சம் நீளம். அவருதான் சொன்னாரு, "தண்டபாணி, கடன் லிஸ்ட்டு எல்லாரும் சரியா எழுதிருவாங்க. கெடறது எங்கன்னா மாசச் செலவுல. ஊட்டுக்கு என்ன வருது, என்ன போகுது, ஒவ்வொண்ணா எழுது. மிச்சம் இருந்தா கடங்காரன் கேப்பான். மிச்சம் இல்லாம இருக்கோணும், ஆனா பொய்யும் இருக்கக் கூடாது. மூணு மாசம் எழுதின மாதிரியே வாழ்ந்து காட்டு, அப்பறம் பெட்டிசன் போடலாம்"ன்னாரு.

எழுதின மாதிரி வாழோணும். இதக் கேட்டதும் எனக்கு ஒரு உற்சாகம் வந்துச்சுங்க. நாப்பது பேர வெச்சு வேல வாங்கினவன், ஒரு ஊட்ட நடத்த மாட்டேனா?

அன்னிக்கே ஒரு பெரிய அட்டையில எழுதி பிரிஜ்ஜுல ஒட்டிட்டேன். சாந்தாமணிக்கு, அதான் என்ற ஊட்டுக்காரிக்கு, கணக்கு வராதுங்க. அவ இருபது வருசமா ஊட்டுச் செலவப் பாத்தா, என்னத்தப் பாத்தாளோ. நான் போட்ட கணக்கு எப்புடின்னா, பாலு அரை லிட்டர். முன்ன ஒண்ணரை லிட்டர் வாங்கிட்டிருந்தோம். மளிக மூவாயிரத்தி எண்ணூறு. காய் தொள்ளாயிரம். கேபிள் கட்டு. பேப்பர் கட்டு. தக்காளி ஒரு கொழம்புக்கு ரெண்டுக்கு மேல போகக் கூடாது. நான் வேலைல இருந்து வந்து கூடையில எண்ணிப் பாப்பேன். ஒரு நா மூணு கொறஞ்சுது. கேட்டதுக்கு, ஒண்ணு அழுகிப் போச்சுங்கறா. அழுகினதக் காட்டுன்னேன். குப்பையில போட்டுட்டேன்னா. நான் என்ன வெளாட்டுக்கா கேட்டேன்? நாளைக்கு கோர்ட்டுல அந்தத் தக்காளியக் கேட்டா என்ன சொல்றது?

நானும் கொறச்சுக்கிட்டேன், அவள மட்டும் கொறைக்கச் சொல்லல. சிகரெட்ட விட்டேன். அதாவது மொதல்லயே விட்டிருந்தேன், இருந்தாலும் விட்டதுன்னு எழுதினேன். பெட்ரோல் ஆயிரத்தி எண்ணூறு வேணுமுங்க, நாலு எடத்துக்குப் போற ஆளு. டீச்செலவு தொள்ளாயிரம். ஏன்னா நான் ஒருத்தன் போயி ஒத்த டீ குடிச்சுட்டு வர முடியாது. கடையில நாலு பேரு தெரிஞ்சவங்க இருப்பாங்க, அவங்களுக்கும் சொல்லோணும். இல்லீன்னா தண்டபாணி நொடிச்சுட்டாம்பாங்க.

அப்பறம் சலவை அறுநூறு. வக்கீலு அத அடிச்சுட்டாரு. "வெள்ளச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட அறுநூறு ரூவாயா? நீ ஐ.பி. போடறயா, எலக்சன்ல நிக்கறயா?"ன்னாரு. வாயி நீளமுன்னு சொன்னனுல்ல. ஆனா கசங்கின சட்டையோட கடங்காரன் முன்னால நின்னா அவன் என்ன நெனப்பான்? கையில காசில்லைன்னு நெனச்சுருவான். நான் என்ன பண்ணினேன்னா, அந்த அறுநூறக் கொண்டுபோயி மருந்து மாத்திரையில சேத்துட்டேன். சாந்தாமணிக்குத் தைராய்டு மாத்திரை ஒரு அறுநூத்தி அம்பது ஆகும், ரெண்டையும் சேத்து மருந்து ஆயிரத்தி எரநூத்தி அம்பது. வக்கீலு ஒண்ணும் கேக்கல. மூணாவது மாசம் சலவைக்காரன் வெலை ஏத்தினான். அந்த மாசம் மட்டும் அவ மாத்திரைய ஒரு நா விட்டு ஒரு நா போட்டுக்கச் சொன்னேன். போட்டுக்கிட்டா. ஒரு வார்த்த எதுத்துப் பேசல. நல்ல பொம்பளைங்க, அப்ப.

வருமானத்துல ஒரு தகராறு வந்துது. அவ கொசுவலைக்கு ஓரம் தெச்சுக் குடுக்கறா, ஊட்லயே மிஷின் இருக்குது, மாசம் நாலாயிரம் வருது. நான் அத எழுதல. பொண்டாட்டி சம்பாத்தியத்துல சாப்படறேன்னு கோர்ட்டுல எழுதிக் குடுக்கறதா? வக்கீலு காகிதத்தத் தூக்கி வீசிட்டாரு. "நாலாயிரத்த மறச்சா பெட்டிசனே போயிரும், எழுது"ன்னாரு. எழுதினேன். மனசே இல்லாம எழுதினேன். பதினாலும் நாலும் பதினெட்டு. செலவு பதினெட்டு. மிச்சம் சைபர். பாத்தாலே அழகா இருந்துச்சுங்க அந்தத் தாளு.

அந்த அழகக் கெடுக்கறதுக்குத்தான் என்ற பொண்ணு வந்தா. தர்ஷினி. பன்னண்டாவது முடிச்சிருந்தா, நல்ல மார்க்கு. தாராபுரத்துல நர்சிங் காலேஜுல சீட்டுக் கெடச்சுது. மொத வருசத்துக்கு அம்பத்திரெண்டாயிரம் கட்டோணும், ஆகஸ்ட் முப்பதுக்குள்ள. சாந்தாமணி வந்து மெதுவாச் சொன்னா, "ஏனுங்க, அத மாசக் கணக்காப் பிரிச்சு அட்டையில ஒரு வரி எழுதலாமுல்ல? வக்கீலும் படிப்புச் செலவு எழுதலாமுன்னு சொன்னாருன்னீங்களே."

சொன்னாருதான். படிப்பையெல்லாம் கோர்ட்டு ஒத்துக்கும்னாரு. ஆனா எழுதினா என்னாகுது? மாசம் நாலாயிரத்தி முன்னூத்திச் சொச்சம். மிச்சம் மைனஸ்ல போகுது. மைனஸ்ல இருந்தா எங்கிருந்துய்யா சாப்படறேன்னு கேப்பாங்களா இல்லியா? சைபர் வந்த கணக்க யாராவது கலைப்பாங்களா? நான் சொல்லிட்டேன், "ஒரு வருசம் ஊட்ல இருக்கட்டும். அடுத்த வருசம் பாத்துக்கலாம். காலேஜு எங்கயும் ஓடிப்போயிராது."

தர்ஷினி அந்த அட்டைய நின்னு படிச்சுக்கிட்டே இருந்தா. "ஏனுங்கப்பா, டீ தொள்ளாயிரமா?"ன்னு கேட்டா. அது ஆம்பளைங்க விசயம், உனக்குப் புரியாதுன்னேன். அப்பறம் அவ எங்கூடப் பேசறதக் கொறச்சுக்கிட்டா. நானும் செலவக் கொறைக்கற நேரம்தானேன்னு விட்டுட்டேன்.

இப்ப கேளுங்க. இப்பத்தான் விசயமே வருது.

எனக்கு ஒரு தங்கச்சி, கலாமணி. ஒரே தங்கச்சி. அவ பையனுக்கு ஆவணி மூணாந்தேதி கொலசாமி கோயில்ல காதுகுத்துன்னு பத்திரிக கொண்டாந்தா. கொண்டாந்தவ அழுதா. "அண்ணா, உன் நெலம எனக்குத் தெரியும். நீ வந்து மடியில உக்கார வெச்சாப் போதும். ஒரு ரூவா செய்ய வேண்டாம்"னா.

ஒரு ரூவா செய்ய வேண்டாம். எங்கிட்டச் சொல்றா. நீங்களே சொல்லுங்க, இத ஒரு தாய்மாமன் கேட்டுட்டு இருக்க முடியுமா? தாய்மாமன் மடியிலதான் குழந்தய உக்கார வெச்சுக் காது குத்தறாங்க. மத்த ஆளு மடி உதவாது. அப்பேர்ப்பட்ட மடியில வெறுங்கையோட போயி உக்காந்தா, குழந்த பெரிசாகி என்னைய என்ன கேக்கும்? அது இருக்கட்டும், அங்க வந்திருக்கற எண்ணூறு பேரு என்ன கேப்பாங்க?

மூடிக் கெடந்த என்ற பழைய கம்பெனில ஓடாத மிஷின் ஒண்ணு கெடந்துச்சு. அதையும் சொத்து லிஸ்ட்டுல எழுதோணும்னு வக்கீலு சொல்லியிருந்தாரு. பெட்டிசன்தான் இன்னும் போடலியே, அதுக்குள்ள வித்துட்டா அது லிஸ்ட்டுலயே வராதேன்னு எனக்கு ஒரு யோசன. மூளை அப்படி வேல செய்யும் எனக்கு. ரெண்டு லட்சத்திப் பத்தாயிரத்துக்கு ஒருத்தன் எடுத்துக்கிட்டான்.

சாந்தாமணிக்கு எப்படியோ தெரிஞ்சுருச்சு. பணத்த எண்ணிக்கிட்டு இருக்கறப்ப வந்து நின்னா. "அம்பத்திரெண்டாயிரத்த மட்டும் எடுத்து வெச்சுருங்க. மீதியில சீரு செய்ங்க. யாரு வேண்டான்னா"ன்னா. நான் கணக்கக் காட்டினேன். ரெண்டு பவுனு சங்கிலி, அம்பத்தோரு தட்டு, துணிமணி, கெடா, செண்டை மேளம், பிளக்ஸு. எல்லாம் சேத்தா ரெண்டு லட்சத்திப் பத்துதான் வருது. எதைக் கொறைக்கறது? ஒரு பவுனு போட்டா பாதி மாமனா? மேளமில்லாம தட்டத் தூக்கிட்டு நடந்தா சந்தைக்குப் போற மாதிரி இருக்கும். அவ உள்ள போயி மிஷின்ல உக்காந்து தெக்க ஆரமிச்சுட்டா. அன்னிக்கு மிஷின் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. கரண்டு பில்லு ஏறுமேன்னு நெனச்சேன், சொல்லல. சில சமயம் விட்டுக் குடுக்கோணும்.

காதுகுத்து அன்னிக்கு பாக்கோணும் நீங்க. கோயில் முக்குல இருந்து சீர்த்தட்டு வருது, மேளம் அடிக்கறாங்க, முன்னால நான் நடக்கறேன். கஞ்சி போட்ட சட்டை. என்னைய பிளக்ஸுல பாத்தவங்க நேர்ல பாக்கறாங்க. நெட் தண்டபாணி நொடிச்சுட்டான்னு சொன்னவனெல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு நின்னான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. மறைக்கறதுக்கு என்ன, அழுதுட்டேன். ரெண்டு வருசத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் நான் மனுசனா நடந்தேன்.

மொய் எழுதற எடத்துல தர்ஷினிய உக்கார வெச்சிருந்தாங்க. எங்க சொந்தத்துல எந்த விசேசம்னாலும் மொய் நோட்டு அவதான் எழுதுவா, அவ எழுத்து அப்படி, அச்சடிச்ச மாதிரி இருக்கும். மொத வரியே தாய்மாமன் சீருதான். எழுதினதப் பாத்து மைக்குல படிக்கறவரு படிக்கறாரு. "தாய்மாமன் கரூர் நெட் தண்டபாணி அவர்கள் சீர், ரெண்டு பவுன் தங்கச் சங்கிலி, அம்பத்தோரு தட்டு, கெடா ஒண்ணு." சத்தம் பத்தலீன்னு எனக்குத் தோணுச்சு. பந்தியில சாப்படறவங்களுக்குக் கேட்டிருக்காது. அவருகிட்டப் போயி அம்பது ரூவாயக் கையில குடுத்து, இன்னொருக்காப் படிங்கன்னேன். படிச்சாரு. இப்ப நல்லாக் கேட்டுச்சு.

பந்தியில யாரு உக்காந்திருந்தாங்கன்னா, சென்னியப்பன். நூல் கடைக்காரரு. என்ற பதினேழு பேருல மொத ஆளு அவருதான், பதினோரு லட்சம் அவருக்கு மட்டும். எங்களுக்கெல்லாம் கொலசாமி ஒண்ணுங்க, அதனால விசேசம்னா கடன் குடுத்தவனும் வருவான், கடன் வாங்கினவனும் வருவான், ரெண்டு பேருக்கும் ஒரே பந்திதான். அதொண்ணும் பண்ண முடியாது. அவரு சாப்ட்டு எந்திரிச்ச கையோட மொய் எழுத வந்தாரு. ஐநூறு ரூவா எழுதினாரு. அப்பறம் செல்லை எடுத்து மொய் நோட்டோட மொதப் பக்கத்தப் போட்டோ எடுத்தாரு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? பரவால்ல, சென்னியப்பனே நம்ம சீரப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாரே, அவரு ஊட்டு விசேசத்துலயும் இதே மாதிரி செய்யப் பாக்கறாரு போலன்னு நெனச்சேன். கிட்டப் போயி, "சாப்பாடு எப்படீங்க"ன்னு கூடக் கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்குது தண்டபாணி. ரொம்ப நல்லா இருக்குது"ன்னு ரெண்டு தரம் சொன்னாரு.

செப்டம்பர்ல பெட்டிசன் போட்டோம். காலேஜுக்காரங்க சீட்டு காலியா இருக்குதுன்னு அக்டோபர் கடைசி வரைக்கும் டைம் குடுத்து லெட்டர் போட்டிருந்தாங்க. அந்த லெட்டரு பிரிஜ்ஜுல, என்ற அட்டைக்குப் பக்கத்துலயே ஒட்டியிருந்துச்சு. யாரு ஒட்டினாங்கன்னு நான் கேக்கல.

அக்டோபர்ல விசாரண. சாந்தாமணியும் வந்திருந்தா, தர்ஷினியும் வந்திருந்தா. குடும்பத்தோட போனா நல்லதுன்னு நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். ஜட்ஜு ஒரு அம்மா. நான் கூண்டுல ஏறி மாசச் செலவப் படிச்சேன். பாலு அரை லிட்டர்னு படிக்கறப்ப அந்தம்மா நிமுந்து பாத்தாங்க. அடடா, எரக்கம் வந்துருச்சுன்னு நெனச்சுக் கொஞ்சம் தொண்டைய அடக்கி, தக்காளி ரெண்டுன்னு சேத்துச் சொன்னேன். அது தாளுல இல்ல, நானாச் சொன்னேன்.

சென்னியப்பன் பக்கத்து வக்கீலு எந்திரிச்சு ஒரு தாளக் குடுத்தாரு. மொய் நோட்டு. கலர்ல பெருசு பண்ணி எடுத்திருக்கறாங்க. ஜட்ஜம்மா அதப் படிச்சாங்க. படிச்சுட்டு, "ஆவணி மூணாந்தேதி இந்தச் சீர் நீங்க செஞ்சதா?"ன்னாங்க. நான் எதுக்குங்க பொய் சொல்லோணும்? செஞ்ச சீர இல்லைன்னு சொன்னா அது தங்கச்சிக்குக் கேவலமில்லையா? ஆமாங்கம்மான்னேன். எங்க வக்கீலு தலைல கைய வெச்சுக்கிட்டாரு.

"இது யாரு எழுத்து?"ன்னாங்க. அங்கதானுங்க எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு. "எம் பொண்ணு எழுத்துதாங்கம்மா. பள்ளிக்கூடத்துலயே பரிசு வாங்கின எழுத்து. அந்தா நிக்கறாளே, அவதான்"னு கையக் காட்டினேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஜட்ஜம்மா அவளையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "பொண்ணு என்ன படிக்குது?"ன்னு எங்கிட்டக் கேட்டாங்க.

"இப்ப ஊட்லதாங்கம்மா இருக்குது. நர்சிங்குக்குச் சீட்டு வந்துச்சு, அம்பத்திரெண்டாயிரம் கட்ட வழியில்லீங்க"ன்னேன். உள்ளதத்தான் சொன்னேன்.

ஜட்ஜம்மா மறுக்கா அந்த மொய் நோட்டுத் தாளப் பாத்தாங்க. சென்னியப்பன் கூடத் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் எல்லாரும் எம்பேருல பரிதாபப்படறாங்கன்னு நெனச்சுக்கிட்டு நின்னேன்.

தள்ளுபடி. ஒரே வார்த்த. சொத்த வித்து மறச்சது, ஊதாரிச் செலவு, என்னென்னமோ எழுதிட்டாங்க. தாய்மாமன் சீருக்கு ஊதாரிச் செலவுன்னு பேரு வெச்ச ஊரு இது. வெளிய வந்து சென்னியப்பனப் புடிச்சுக் கேட்டேன். "பந்தியில உக்காந்து சாப்ட்டுட்டு இப்படிப் பண்ணலாமுங்களா? கொலசாமி பாத்துக்கிட்டு இருக்குது"ன்னேன். அவரு என்ன சொல்றாரு தெரியுமா? "தண்டபாணி, நீ பருப்பு இல்லாம இருக்கறேன்னு கேள்விப்பட்டு, காதுகுத்துக்கு முந்தின மாசந்தான் கேஸ் போட வேண்டான்னு எம் பசங்ககிட்டச் சொன்னேன். அந்த ரெண்டு தரம் படிச்சாம் பாரு மைக்குல, ரெண்டாந்தரம்தான் எனக்கு எரிஞ்சுது"ன்னாரு. பொறாமைங்க. வேற என்ன?

இத நான் சாந்தாமணிகிட்டச் சொல்லி ஆத்தலாமுன்னு திரும்பினா, ஆளக் காணோம். ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டாங்க. ஊட்டுக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சு நான் டீ குடிச்சுட்டு, நாலு பேருக்குச் சொல்லிட்டு, மெதுவாப் போனேன். ஊடு பூட்டியிருக்குது. தெக்கற மிஷினக் காணோம். பிரிஜ்ஜுல அட்டை மட்டும் இருந்துச்சு, காலேஜு லெட்டரு இல்ல.

மூணு நாள் கழிச்சு மச்சான்காரன் போன் பண்றான். சின்னச்சாமின்னு பேரு, மூலனூர்ல முருங்கக்காய் வெள்ளாம. பேசறதே அபூர்வம், பேசினாலும் நாலு வார்த்ததான். "மாமா, புள்ளைக்குப் பீஸ் கட்டியாச்சு. ஆட்டை வித்தேன். எங்க ஊட்ல இருந்து காலேஜுக்குப் போகுது"ன்னான். வெச்சுட்டான். நானும் ஒரு மாமன்தானே, எனக்குத் தெரியாதா? ஒரு தட்டு உண்டா? ஒரு மேளம் உண்டா? ஒருத்தனுக்காவது தெரியுமா அவன் பீஸ் கட்டினது? காலேஜு ரசீதுலகூடத் தகப்பன் பேருன்னு எம்பேருதான் போட்டிருக்குதாம். என்ன பிரயோசனம் அவனுக்கு? சொல்லுங்க.

சரி, எட்டாயிரத்துக்கு வர்றேன். மறந்துட்டேன்னு நெனச்சீங்களா?

ஐ.பி. போச்சா, சென்னியப்பன் இப்ப பணத்துக்கு மனுப் போட்டுட்டாரு. சம்பாத்தியத்துல செலவு போக மிச்சத்த மாசாமாசம் கட்டச் சொல்லு, இல்லீன்னா உள்ள வைன்னு. மறுக்காச் செலவுக் கணக்கு எழுதோணும். நான் இப்ப கம்பெனிலயே ஒரு ரூம்புல படுத்துக்கறேன், வாடகை கெடையாது. ஒத்த ஆளு, என்ன இழுத்துப் புடிச்சாலும் ஆறாயிரத்துக்கு மேல செலவு எழுத முடியல. பதினாலுல ஆறு போனா எட்டு. அந்த எட்டாயிரம் அப்படியே அவருக்குப் போயிரும். ஆனா அவங்க ரெண்டு பேரும் வந்துட்டாங்கன்னு வைங்க, ஊடு புடிக்கோணும், வாடகை வந்துரும், மளிக வந்துரும், மாத்திரை வந்துரும், இப்ப காலேஜு பஸ் காசுகூட எழுதிக்கலாம், நான் தடுக்கல. அவ தெக்கற நாலாயிரத்தையும் சேத்தா பதினெட்டு. செலவும் பதினெட்டு. மிச்சம் சைபர். புரிஞ்சுதுங்களா? பொண்டாட்டி புள்ள ஊட்ல இருக்கறதுல இப்படியும் ஒரு லாபம் இருக்குது, நம்மாளுங்க யாரும் யோசிக்கறதில்ல.

நேத்து அவளுக்குப் போன் பண்ணினேன். வெவரமாவே சொன்னேன், இந்த மாதிரி எட்டாயிரம், நீ வந்தா மிச்சம்னு. தெக்கற மிஷின் சத்தம் மட்டும் கேட்டுட்டு இருந்துச்சு. அப்பறம் நிறுத்திட்டுச் சொன்னா.

"வாங்க. வந்து சாப்ட்டுட்டுப் போங்க. ஆனா எங்க ரெண்டு பேரையும் செலவுல எழுதாதீங்க. கடன்ல எழுதுங்க."

என்ன கடன்னேன். "எங்கப்பன் போட்டு அனுப்பின இருவத்தாறு பவுனு. நீங்க ஒவ்வொண்ணா வாங்கிட்டுப் போன தேதியெல்லாம் எங்கிட்ட இருக்குது. உங்க லிஸ்ட்டுல பதினேழு பேரு இருக்கறாங்க, எம்பேரு இல்ல. வலைத்துணி குடுத்தவன் பேரு இருக்குது, நூல் கடைக்காரன் பேரு இருக்குது, சீட்டுக்காரன் பேரு இருக்குது. பதினெட்டாவதா என்னைய எழுதுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தா நான் வர்றதப் பத்தி யோசிக்கறேன்"னா. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்.

கட்டின பொண்டாட்டிக்கு ஒருத்தன் கடங்காரன் ஆக முடியுமாங்க? நகை ஊட்டு நகைதானே? நான் வக்கீலக் கேட்டேன். சிரிப்பாருன்னு நெனச்சுத்தான் கேட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு, "ஆகலாம் தண்டபாணி. மொத லிஸ்ட்டுலயே எழுதியிருக்கோணும். நீ சொல்லவே இல்லையே"ன்னாரு.

புதுசா ஒரு தாளு எடுத்து எழுதிட்டேன். இந்தா இருக்குது, பதினெட்டு, சாந்தாமணி, இருவத்தாறு பவுன். கையெழுத்து மட்டும் இன்னும் போடலீங்க. பதினேழு பேரும் ஊட்டு வாசல்ல வந்து கத்தினப்பக்கூட நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டு வெளிய போயி நின்னு பேசினவன். இன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல மூணு பஸ்ஸ விட்டுட்டு நாலாவதுலதான் ஏறினேன். எனக்குப் பயமா இருக்குதுங்க. அவ சோத்தப் போட்டுட்டு எதுத்தாப்புல உக்காருவா, தர்ஷினி காலேஜு விட்டு வருவா, ரெண்டு பேரும் அந்தத் தாளப் பாப்பாங்க. அவங்ககிட்ட எந்தச் செலவ எழுதி மிச்சம் சைபருன்னு காட்டறது?

இது எந்த ஊரு, பாருங்க. மூலனூரேதானா?

இல்லீங்க, நீங்க நகர வேண்டாம், உக்காருங்க. நான் எறங்கல. கண்டக்டர், தாராபுரத்துக்கு ஒண்ணு போடுங்க.